பிறீசருக்குள் ஒரு கேபிள்

எங்கள் வீட்டுப் பிறீசரின் மேல்தட்டில் நண்டு இருக்கிறது, ஒடியல்மா இருக்கிறது, தேங்காய்ப்பூப் பக்கற்றுகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டிய ஒரு கறுப்புக் கேபிளும் இருக்கிறது. அரைப் பாகம், மூன்று அடி நீளம் வரும். என் மனைவி வசந்தி மீன் எடுக்கப் போகும் போதெல்லாம் அது அவள் கையில் தட்டுப்படும்.

"உதை எப்ப எடுக்கப் போறியள்?"

"எடுப்பம்."

"ஒரு மாசமா எடுப்பம் எண்டுதான் சொல்லுறியள். வீட்டுக்கு வாற சனம் பாத்தா என்ன நினைக்கும்?"

வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நான் அதை வெளியே எடுப்பேன். குசினி மேசையில் வைத்து, உள்ளே ஓடும் மெல்லிய கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். வராது. பலமாக இழுத்தால் முக்கி முனகிக்கொண்டு கொஞ்சம் வரும். பிறகு கேபிளை இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருப்பேன். சூடு ஏற ஏறக் கம்பி இளகி, தாராளமாக ஓடத் தொடங்கும். திரும்பப் பையில் கட்டி நண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். ஐம்பத்தெட்டு வயது மனிதன் செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னை அப்படித்தான் கேட்கிறேன், ஆனால் அடுத்த கிழமையும் எடுத்துப் பார்க்கிறேன்.

அது ஒரு ஸ்னோமொபைலின் அக்சிலேட்டர் கேபிள். ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்: ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடுகிற வண்டி. மோட்டார் சைக்கிளின் கைபிடியும் இருக்கையும் இருக்கும், சக்கரம் இருக்காது. முன்னால் சறுக்கிப் போக இரண்டு கட்டைகள், பின்னால் பனியைக் கடித்துத் தள்ள அகலமான ரப்பர் பட்டி. வலது பெருவிரலால் ஒரு சின்ன நெம்பை அழுத்தினால் ஓடும், விட்டால் வேகம் இறங்கும். அவுஸ்திரேலியாவில் பனி ஏது என்று கேட்பீர்கள். நானும் வந்து பல வருடங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெல்பேர்ணிலிருந்து சில மணித்தியாலம் காரில் போனால் மலைகள் இருக்கின்றன. ஆடி ஆவணியில் அங்கே பனி விழும். எங்கள் சனம் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு, புளிச்சாதமும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடும். நான் அதற்கும் போனதில்லை.

மல்கிரேவில் புல்வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் வாள் எல்லாம் திருத்துகிற ஒரு சிறிய கடையில் நான் வேலை செய்கிறேன். கொலின் அங்கே வாடிக்கையாளராக வந்தவர். எழுபத்து நாலு வயது, மனைவி இல்லை, குவீன்ஸ்லாந்தில் ஒரு மகள். ஒருநாள் அறுக்கிற வாளைத் திருத்தக் கொண்டுவந்தார். நான் அதைக் கிளப்பி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டு, காபரேட்டரின் திருகாணியைக் கால்வாசி திருப்பிக் கொடுத்தேன். அவர் வாளை வாங்கிக்கொண்டு, வீட்டில் ஒரு பழைய சாமான் இருக்கிறது, ஓய்வு நாளில் வந்து பார்ப்பாயா என்று கேட்டார். அவருடைய கராஜில் தார்ப்பாயை விலக்கியபோது மஞ்சள் நிறத்தில் அந்த வண்டி நின்றது. அவர் இளமையில் வாங்கியது. இருக்கையின் தோல் வெடித்திருந்தது, ரப்பர் பட்டியை எலி கடித்திருந்தது. நான் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பிறத்தியான் வீட்டில் கண்டதுபோல இருந்தது. பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடுகிற, கயிற்றை இழுத்துக் கிளப்புகிற இரட்டை அடி எஞ்சின். எங்கள் கரையில் வள்ளங்களின் பின்பக்கத்தில் பூட்டுகிற எஞ்சினின் சொந்தக்காரன்.

நான் அதைத்தான் அவருக்குச் சொன்னேன், என்னுடைய நாட்டில் போட்டுகளோடு வேலை செய்தவன் என்று. கொலினின் முகம் மாறியது. என் தோளில் கை வைத்து, "நீ போட்டிலா வந்தாய், மேட்?" என்றார். கடல் கடந்து கள்ளப் படகில் வந்த அகதி என்று என்னை நினைத்துவிட்டார். நான் போட்டில் வரவில்லை. வசந்தி ஸ்பொன்சர் பண்ண, நல்ல வெள்ளைச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு பிளேனில் வந்து இறங்கியவன். இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கை தோளில் இருந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த நாட்டில் அதுவரை யாரும் என் தோளில் அப்படிக் கை வைத்ததில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் சிரித்தேன். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு வருடம் நான் அதைத் திருத்தவே இல்லை.

அந்த இரண்டு வருடமும் சனிக்கிழமைகளில் அவருடைய கராஜுக்குப் போனேன். சிலிண்டரைக் கழற்றிக் கரியைச் சுரண்டினோம், கனடாவிலிருந்து பழைய பாகங்கள் எடுப்பித்தோம், பட்டியை மாற்றினோம். பனியையே பார்க்காதவன் பனிவண்டி திருத்துகிறான் என்று அவர் தன் சிநேகிதர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் இரண்டு நிமிடம் பிந்திப் போனாலும் சொறி என்று மன்னிப்புக் கேட்பேன். பாகம் கிடைக்கவில்லை என்றாலும் சொறி, அவர் தேத்தண்ணீரைத் தட்டிவிட்டாலும் நான்தான் சொறி. இங்கே வந்த எங்களில் பலருக்கு இந்த வருத்தம், இந்த நோய், உண்டு. வேலை இடத்தில் ஒருவன் நம் காலை மிதித்தால் நாம் மன்னிப்புக் கேட்போம்.

கடைசியாக மிஞ்சியது அக்சிலேட்டர் கேபிள். கிறிஸ்மஸ் கழிந்த வெக்கையில், கராஜ் தகரம் அனலாய்க் கொதிக்க, அதை நான்தான் பூட்டினேன். பூட்டமுன் நாங்கள் கரையில் செய்கிற வேலையைச் செய்தேன். கேபிளை நிமிர்த்திப் பிடித்து, அதன் வாயில் ஒரு பொலித்தீன் குழல் கட்டி, அதற்குள் தடித்த கிறீஸை அப்பி, கம்பியை இழுத்து இழுத்து மறுநுனியால் கிறீஸ் பிதுங்கி வரும்வரைக்கும் ஏற்றினேன். உப்புக்காற்றில் கேபிள் இறுகினால் நடுக்கடலில் மனிதன் துலைந்தான். அதனால் எங்கள் கரையில் வெறுங்கேபிள் பூட்டுகிறவனை மெக்கானிக் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொலின் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. அன்று அவர் சொன்னார், மகள் தன்னை வருட முடிவில் குவீன்ஸ்லாந்துக்குக் கூப்பிடுகிறாள், இனி வருகிறதுதான் தனக்குக் கடைசிப் பனிக்காலம் என்று. ஒரே ஒரு தடவை ஓடினால் போதுமாம். நான் அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஆடி மாதம் கிப்ஸ்லாந்துக்கு மேலே, அவருடைய சிநேகிதரின் மாட்டுப் பண்ணைக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனோம். அன்றுதான் நான் பனியை முதலில் கண்டேன். அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது சத்தத்தைத் தின்கிற ஒரு சாமான் என்றுதான் பட்டது. நாங்கள் கதைத்தது எங்கள் காதுக்கே வந்து சேரவில்லை. கொலின் கயிற்றை மூன்றாம் தடவை இழுக்க எஞ்சின் கிளம்பியது. அவர் ஏறி, சின்னப்பிள்ளைபோலக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். வெட்டவெளியில் ஒரு வட்டம் அடித்து வேலிப் பக்கம் திரும்பினார். அங்கே அவர் விரலை எடுத்திருப்பார். எடுத்தால் சத்தம் இறங்க வேண்டும். இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற சிநேகிதர் கைதட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சத்தம் என்னவென்று எனக்கு மட்டும் விளங்கியது. நான் கத்தினேன், தமிழில் கத்தினேன், "சாவியைத் திருப்புங்கோ" என்று. கையுறை போட்ட கைக்குச் சாவி அகப்படும் முன்பே பனிக்குள் புதைந்து கிடந்த ஒரு மரக்குற்றியில் வண்டி மோதியது.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அவரை அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகு நான் பனிக்குள் முழங்காலில் இருந்து, கைபிடியில் அந்த நெம்பைத் தொட்டுப் பார்த்தேன். அழுத்திய இடத்திலேயே நின்றது. கேபிள் நுனியில் என்னுடைய கிறீஸ் மெழுகாக உறைந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் ஆனி பிறந்தால் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய்ப் போத்தல் கட்டியாகும். காலையில் அதை வெந்நீரில் வைத்து இளக்கித் தலையில் தடவிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் நான். இத்தனை வருடம் அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கேபிளுக்குள் இருக்கிற கிறீஸும் உறையும் என்று தெரியவில்லை. பனிக்கு ஓடும் வண்டியை உப்புக்குத் தயார்படுத்தி அனுப்பியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். பாடமாக்கிக்கொண்டு போன வசனங்கள். என்னுடைய பிழை, நான் கிறீஸ் போட்டேன், குளிரில் அது இறுகிவிட்டது, அதனால்தான் விழுந்தீர்கள், சொறி. கொலின் சிரித்தார். "என் பெருவிரல் குளிரில் விறைத்துப்போயிருந்தது, மேட். எடுக்க மறந்திருப்பேன். கிறீஸ் போட்டால் நல்லதுதானே." நான் திரும்பவும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அந்தப் போட்டில் பட்ட பாட்டுக்குப் பிறகு, எல்லாவற்றுக்கும் உன்னையே குற்றம் சொல்கிறாய். அதை விடு. நோ வொரீஸ்." அவருடைய மகள் ஜெனி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என்னிடம், "டாடிக்கு வயது போய்விட்டது, அவரை ஓட விட்டதே பிழை. நீங்கள் நல்ல மனிதர்" என்றாள். நான் இரண்டு வருடமாகச் சில்லறையாகச் சொல்லித் தீர்த்த சொறிகளும், படகைப் பற்றி நான் சொல்லாமல் விட்டதும் சேர்ந்து, உண்மையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் என்னை அமத்திவிட்டன. ஏசியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

இரண்டு மாதத்தில் வீட்டைப் பூட்டி அவரைக் குவீன்ஸ்லாந்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். போகமுன் டிரெய்லரில் வண்டியை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கொலின் ஒரு துண்டில் நடுங்குகிற எழுத்தில், 'இது உன்னுடையது' என்று எழுதி அனுப்பியிருந்தார். என் கராஜில் அரிசி மூட்டைக்கும் மகளின் பழைய சைக்கிளுக்கும் நடுவில் அது நிற்கிறது. நான் புதுக் கேபிள் எடுப்பித்து, கிறீஸ் இல்லாமல், காய்ந்த பொடி மட்டும் போட்டுப் பூட்டினேன். பழையதைப் பிறீசரில் வைத்தேன். கிறீஸ்தான் காரணமா என்று ஒரு தடவை நிச்சயப்படுத்தத்தான் வைத்தேன். நிச்சயமாகிவிட்டது. ஆனாலும் எடுத்து எறிய முடியவில்லை. அதற்குக் காரணம் கொலின் மட்டும் அல்ல. என் கையால் திருத்திக் கொடுத்த ஒன்றுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் திட்டமாகத் தெரிந்தது இந்த ஒரு தடவைதான்.

மற்றதை இப்போதுதான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் எனக்கு இருபத்தாறு வயது. யுத்தத்தில் பெற்றோலும் வராது, உதிரிப்பாகமும் வராது என்றிருந்த காலம். அத்தானின் எஞ்சின் மூச்சுவிடுகிறது என்று கொண்டுவந்தார். அத்தான் என்றால் என் ஒரே அக்காவின் புருஷன். பிஸ்டனின் றிங் தேய்ந்துபோயிருந்தது. புதிது எங்கும் இல்லை. வேறொரு எஞ்சினில் கழற்றிய பழைய றிங்கை அரத்தால் ராவி, தட்டிக் கொட்டிப் பூட்டினேன். "நாலு கிழமை ஓடும் அத்தான்" என்றேன். சத்தம் கேட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அன்று பின்னேரம் அவர் மீன்பிடித் தொழிலுக்குப் போனார். திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டும் கரையொதுங்கவில்லை. அந்த நாட்களில் கடலுக்குப் போனவர்களுக்கு என்னென்னவோ நடந்தது. எது நடந்தது என்று விசாரிக்க ஒரு இடமும் இருக்கவில்லை. எஞ்சின் நின்று நீரோட்டத்தில் இழுபட்டாரா, வேறேதும் நடந்ததா என்று ஒருவருக்கும் தெரியாது. ஊரில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அவள் இப்போது சிட்னியில், மெரிலேண்ட்ஸில், மகளோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டெலிபோனில் கதைப்போம், சீனி வருத்தத்தைப் பற்றியும் முருங்கைக்காய் விலையைப் பற்றியும். அந்த எஞ்சினைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை.

போன கிழமை அக்கா எங்களிடம் வந்து நின்றாள். காலையில் வசந்தி வேலைக்குப் போன பிறகு, மத்தியானக் கறிக்கு நண்டு எடுக்கிறேன் என்று பிறீசரைத் திறந்தாள்.

"தம்பி, உதென்ன நண்டுக்கு மேல?"

சொன்னேன். கொலினைப் பற்றி, கிறீஸைப் பற்றி, ஆஸ்பத்திரியில் அவர் நம்பாமல் விட்டதைப் பற்றி. அவள் நண்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்து கேட்டாள். சொல்லிக்கொண்டு போன வேகத்தில், நிறுத்த முடியாமல் மற்றதும் வந்துவிட்டது.

"அக்கா, அத்தான்ர எஞ்சினுக்கு நான் போட்டது பழைய றிங்."

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான் சொன்னவர். தம்பி பழசைத் தட்டிப் போட்டுத் தந்திருக்கிறான், பாத்துத்தான் ஓட்டோணும் எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

முப்பத்திரண்டு வருடம். "பிறகேன் நீ என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்ல?"

"கேட்டு? நீ ஓம் எண்டு சொன்னா நான் என்ன செய்யிறது? அவர் போயிட்டார். கேட்டிருந்தா நீயும் இல்லாமப் போயிருப்பாய். எனக்கு மிஞ்சினது நீ ஒராள்தானே." அவள் சீலைத் தலைப்பால் மேசையில் இல்லாத ஈரத்தைத் துடைத்தாள். பிறகு, "நான் கரையில நிண்டனான். அவர் போகேக்க எப்பவும் சத்தம் கேக்கிற மட்டும் நிப்பன். அண்டைக்கும் சத்தம் தேஞ்சு தேஞ்சுதான் போனது. எஞ்சின் நிண்டதை நான் கேக்கேல்ல" என்றாள்.

அது எதையும் நிரூபிக்காது. சத்தம் காதுக்கு எட்டாத தூரத்துக்குப் போன பிறகு எஞ்சின் எங்கேயும் நின்றிருக்கலாம். அது அவளுக்கும் தெரியும். அவளிடம் இருந்தது அவ்வளவுதான், அதை எனக்குத் தந்தாள். நான் அழுதேன். அக்கா அழவில்லை.

"அந்த வண்டி எங்க? ஒருக்கா ஸ்ராட் பண்ணு, பாப்பம்."

கராஜ் கதவை மேலே உருட்டினேன். வண்டியின் பின்பக்கம் ஸ்ராண்டில் தூக்கி நிற்கிறது, பட்டி நிலத்தில் படாது. இரண்டாம் இழுவையில் கிளம்பியது. நீலப் புகை வீதிக்குப் போனது. நெம்பை நான் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க, பட்டி காற்றில் சுற்றத் தொடங்கியது. மல்கிரேவின் வசந்தகால வெயிலில், பனியும் இல்லாமல் கடலும் இல்லாமல், அது பாட்டுக்குச் சுற்றியது. அக்கா அரிசி மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கண்ணை மூடியிருந்தாள். எதிர்வீட்டு மனிதர் புல்லுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நான் அவருக்குக் கை காட்டினேன், சொறி என்கிற மாதிரி. பிறகு எஞ்சினை நிறுத்தச் சாவிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

அக்கா கையை உயர்த்தினாள். "பொறு. நிப்பாட்டாத." என் காதுக்குப் பக்கத்தில் வந்து, சத்தத்துக்கு மேலாகச் சொன்னாள்: "நான் ரோட்டு முனை மட்டும் நடந்துபோட்டு வாறன். கேக்காத தூரத்துக்குப் போனாப்பிறகு நிப்பாட்டு."

வசந்தியின் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். எதிர்வீட்டு மனிதருக்குத் தலையசைத்தாள். திரும்பிப் பார்க்காமல், முழங்கால் நோவோடு, நடைபாதை ஓரமாக நடந்தாள். வளைவில் அவளுடைய நீலச் சீலை மறைந்தது. நான் ஒரு பெருவிரல் நெம்பிலும் மற்றக் கை சாவியிலுமாக நின்றேன். அவள் எவ்வளவு தூரம் போயிருப்பாள், இந்தச் சத்தம் அவளுக்கு இன்னும் கேட்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றோல் இன்னும் அரைத் தாங்கி இருந்தது.